நாலு மைக்குக்கு எதுக்கு நாற்பது சேனல்?

ஊருக்கு சவுண்டு செட் வாங்கித் தரணும்னு நினைக்கிற நகரத்து நண்பர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். பெருசா வாங்காதீங்க. நாலு மைக், அதிகம் போனால் ஆறு மைக் செருகக்கூடிய சின்ன அனலாக் மிக்ஸர் ஒன்று வாங்குங்க. மிச்சக் காசை மைக்குக்கும் ஒயருக்கும் ஸ்டாண்டுக்கும் போடுங்க. இப்படிச் சொன்னால் பலருக்கு முகம் வாடிப்போகுது. "இத்தனை பேர் சேர்ந்து காசு போடுறோம், இத்துனூண்டு பெட்டியா?"ன்னு கேட்கிறாங்க. அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

மிக்ஸர் என்றதும் டீக்கடை மிக்சரையும் சட்னி அரைக்கிற மிக்சியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கிணற்றுத் தண்ணீரை ஒரே வாய்க்காலில் விடுகிறோம் என்று வையுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு என்று திருப்புகிற மடைதான் மிக்ஸர். பாடுகிறவர் குரல், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனி மைக்கில் வந்து, இங்கே அளவாகச் சேர்ந்து, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். அங்கிருந்து குழாய்க்கோ பாக்ஸுக்கோ போகும்.

"அதான் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபையரிலேயே நாலு மைக் செருகலாமே?" என்று கேட்கலாம். செருகலாம். ஒவ்வொரு மைக்குக்கும் சத்தம் கூட்டக் குறைக்க ஒரு குமிழ் இருக்கும். ஆனால் பாஸ், ட்ரபிள் இரண்டும் பெரும்பாலும் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒன்றுதான். மிருதங்கம் கும்முன்னு அடைக்குதுன்னு பாஸைக் குறைத்தால் பாடுகிறவர் குரலும் தகரத்தில் தட்டின மாதிரி ஆகிவிடும். எந்த மைக் "கூய்"னு கத்தினாலும் அந்த மைக்கின் சத்தத்தையே மொத்தமாகத்தான் குறைக்கணும். குறைச்சா கடைசி வரிசைக்குக் கேட்காது. ஏத்தினா கத்தும். ராத்திரி முழுக்க இதே பாடுதான்.

எங்கள் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. கூத்து என்றால் வேஷமும் அடவும் மட்டும் இல்லை, அது பேச்சு. கட்டியக்காரன் கிண்டல், பாட்டு, பாட்டுக்கு நடுவில் வசனம், பின்பாட்டு. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி பேசுகிற பேச்சு காதில் விழாவிட்டால் அந்த ராத்திரிக்கு அர்த்தமே இல்லை. எத்தனையோ ஊரில் சத்தம் மட்டும் ரெண்டு கிலோமீட்டருக்குக் கேட்கிறது, சொல் இருபது அடியில் உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கே புரியவில்லை. நமக்கு வேண்டியது சத்தம் இல்லை, சொல். எந்தப் பெட்டியை வாங்குவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு பண்ணணும்.

முதலில் மைக்கை எண்ணுங்க

கூத்துக்கு எத்தனை மைக் வேணும்? ஆடுகிற இடத்துக்கு மேலே முன்பக்கமாகத் தொங்கவிட ரெண்டு. பின்பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் ஒன்று. மிருதங்கத்துக்கு ஒன்று. முகவீணைக்கு வேண்டவே வேண்டாம், அது தானாகவே ஊரைக் கூட்டும். ஆக நாலு. பஜனைக்கும் நாலு போதும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பேச ரெண்டு மைக், செல்போனில் இருந்து பாட்டுப் போட ஒரு ஸ்டீரியோ வழி. கிராம சபைக்கு ஒன்றோ ரெண்டோ. எந்தக் கணக்குப் போட்டாலும் ஆறைத் தாண்டுவது எங்கள் ஊரில் அபூர்வம்.

கடையில் இங்கேதான் ஏமாறுவீங்க. பெட்டி மேல் போட்டிருக்கிற எண் மைக் எண்ணிக்கை கிடையாது. மேக்கி 1202 என்றால் 12 உள்வழி, அதில் மைக் செருகுவது 4 மட்டும். மீதி எட்டும் நாலு ஸ்டீரியோ ஜோடி. 1402 என்றால் 14 வழி, மைக் 6. யமஹா எம்.ஜி.10 வரிசையில் 10 வழி, மைக் 4. அவர்கள் பொய் சொல்லவில்லை, எண்ணுகிற முறையே அப்படி. நீங்கள் எண்ண வேண்டியது மூன்று துளை உள்ள எக்ஸ்.எல்.ஆர் ஓட்டைகளை. அதுதான் மைக் ப்ரீஆம்ப் இருக்கிற இடம். தேவை நாலு என்றால் ஆறு உள்ளதை வாங்கலாம், ஒன்று கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ள உதவும். பதினாறு உள்ளதை வாங்குவது ரெண்டு ஏக்கர் கழனிக்கு அறுவடை மெஷினைச் சொந்தமாக வாங்குகிற மாதிரி.

ஒவ்வொரு மைக்குக்கும் என்ன இருக்கணும்

ஒரு மைக்குக்கு உரிய குமிழ்கள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருக்கும். மேலே கெயின். மைக்கில் இருந்து வருவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதை வேலைக்கு ஆகிற அளவுக்கு ஏற்றுவது இந்தக் குமிழ். 60 டெசிபல் கெயின் என்றால் ஆயிரம் மடங்கு. கூத்தாடி தொண்டை கிழியப் பாடும்போது கொஞ்சம் போதும். எண்பது வயசு ஆயா முணுமுணுக்கும்போது நிறைய வேணும், அப்போதுதான் ப்ரீஆம்பின் தரம் தெரியும். மட்டமான பெட்டியில் கெயினை முழுக்க ஏற்றினால் பின்னாடி "ஸ்ஸ்ஸ்"னு மழை பெய்கிற மாதிரி இரைச்சல் கேட்கும். வாங்கும்போது மைக்கைச் செருகி, ஹெட்போனை மாட்டி, கெயினை முக்கால் அளவுக்கு ஏற்றிக் கேட்டுப் பாருங்க. விளம்பரத்தில் போட்டிருக்கிற எண்களை விட உங்கள் காது அதிகம் சொல்லும்.

அடுத்தது லோ-கட் பொத்தான். கடைக்காரர் இதைக் காட்டவே மாட்டார், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். 75, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிச் சத்தத்தை வெட்டிவிடும். காற்று மைக்கில் மோதுகிற "பொஃப்", சலங்கைக் காலோடு பெஞ்சில் குதிக்கிற "தொம்", ஸ்டாண்டில் கால் இடறுகிற சத்தம் எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கு. குரலில் அங்கே நமக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. குழாய் ஒலிபெருக்கியால் அடிச் சத்தத்தைக் கொடுக்க முடியாது. அதை உள்ளே தள்ளினால் யூனிட்டுக்குத்தான் கேடு. மைக் செட்காரரின் யூனிட் ஒன்று போனால் அவருடைய ஒரு நாள் கூலியும் அதோடு போகுது. இந்தச் சின்னப் பொத்தான் அதைக் கொஞ்சமாவது காக்கும்.

மூன்றாவது ஈக்வலைசர். பாஸ், மிட், ட்ரபிள் என்று மூன்று குமிழ் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக இருக்கணும். மிட் குமிழோடு, அது எந்த இடத்தில் வேலை செய்யணும்னு நகர்த்துகிற இன்னொரு குமிழும் இருந்தால் நல்லது. ஸ்வீப் மிட் என்பார்கள். மைக் கத்த ஆரம்பிக்கிற இடம் ஊருக்கு ஊர், பந்தலுக்குப் பந்தல் மாறும். நகர்த்த முடிந்தால் அந்த இடத்தை மட்டும் தேடிப் பிடித்துக் குறைத்துவிட்டு, குரலை அப்படியே விடலாம். மிகச் சின்னப் பெட்டிகளில் இது இருக்காது. ஒரு படி பெரிய பெட்டியில் இருந்தால் கொடுக்கிற கூடுதல் காசு வீண் இல்லை.

ஒரே பெட்டி, ரெண்டு வேலை

நான் சின்ன மிக்ஸருக்கு இவ்வளவு வாதாட முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. ஊருக்கு வேண்டியது மேடைக்கு மட்டும் அல்ல, பதிவு பண்ணவும் ஒரு கருவி வேணும்.

எங்கள் ஊரில் நடவுப் பாட்டு தெரிந்தவர்களை இப்போது ரெண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். நடவு மெஷின் வந்த பிறகு பாட்டுக்கு வேலை இல்லை. மல்லாட்டை ஆயும்போது சொல்கிற கதை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அந்த ஆயாக்களோடு போய்க்கொண்டிருக்கு. செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். பக்கத்தில் டிவி ஓடுது, நாய் குரைக்குது, பேரன் சிரிக்கிறான். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் சொல்லே புரியாது.

கூத்தும் அப்படித்தான். திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் சொல்வது இது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம். அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான், வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. கூத்தின் உச்சமோ 12 மணிக்கு அப்புறம்தான் வரும். இதில் சட்டத்தோடு சண்டை போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. கைக்குழந்தை வைத்திருக்கிறவங்களும் நோயாளிகளும் ஊரில் இருக்காங்க. மைக் வருவதற்கு முன்னாடியே விடிய விடிய கூத்து நடந்ததுதான், அந்த உச்சஸ்தாயிக் குரலே கூட்டத்தின் கடைசி வரைக்கும் போகத்தான். 12 மணிக்குக் குழாயை நிறுத்திட்டு, ஜனங்க இன்னும் கிட்டே வந்து உட்காரட்டும். ஆனால் பதிவு நிற்க வேண்டியதில்லை. மைக் தொங்கட்டும், ரிக்கார்டர் ஓடட்டும்.

இதற்கு மிக்ஸரில் ஒரே ஒரு விஷயம் இருக்கணும். ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்க்காலில் மடைக்கு முன்னாடியே ஒரு சின்னக் கிளை பிரிகிற மாதிரி. மடையை மூடினாலும் கிளையில் தண்ணீர் ஓடும். குழாய்க்குப் போகிற சத்தத்தை ஃபேடர் தீர்மானிக்கும், ரிக்கார்டருக்குப் போவதை ஆக்ஸ் குமிழ் தீர்மானிக்கும். ஒன்று மற்றதைத் தொடாது. முகவீணைக்குப் பதிவுக்காக மட்டும் ஒரு மைக் வைத்து, ஃபேடரை மூடிவிட்டு ஆக்ஸைத் திறந்தால் போதும். குழாயில் வராது, பதிவில் வரும். 12 மணிக்கு மெயினைக் கீழே இறக்கினால் ஊர் அமைதியாகும், பதிவு தொடரும்.

சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு ஆக்ஸ்தான் இருக்கும், அதுவும் எக்கோவுக்கான போஸ்ட்-ஃபேடராக இருக்கும். ஃபேடரை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும். அது நம்ம வேலைக்கு ஆகாது. குறைந்தது ரெண்டு ஆக்ஸ், அதில் ஒன்று ப்ரீ-ஃபேடர், அல்லது ப்ரீ-போஸ்ட் மாற்றுகிற பொத்தான். இதைக் கேட்காமல் காசை எடுக்காதீங்க.

"யு.எஸ்.பி இருக்கே, லேப்டாப்பில் நேரா ஏத்திக்கலாமே"ன்னு கடையில் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் சின்ன அனலாக் மிக்ஸர்களில் யு.எஸ்.பி வழியாகப் போவது பெரும்பாலும் எல்லாம் கலந்த ரெண்டே தடம். குழம்பு கொதித்த பிறகு உப்பைத் தனியாக எடுக்க முடியாது. தனித்தனியாக வேண்டும் என்றால் ஒவ்வொரு மைக் வரிசைக்கும் இன்சர்ட் என்கிற ஓட்டை இருக்கிறதா பாருங்க. மேக்கி மாதிரிப் பெட்டிகளில் அந்த ஓட்டையில் மோனோ பின்னை முதல் 'க்ளிக்' வரைக்கும் பாதி செருகினால், ஓடுகிற சத்தத்தை அறுக்காமல் அந்த மைக்கை மட்டும் தனியாக வெளியே எடுக்கலாம். நாலு இன்சர்ட், நாலு தடம். பின்னாடி உட்கார்ந்து பொறுமையாகக் கலந்துகொள்ளலாம்.

ஸ்டுடியோ என்றால் கண்ணாடியும் பஞ்சுச் சுவரும் வேண்டியதில்லை. நெல் மூட்டை அடுக்கிய உள்ளறை போதும். மூட்டையும் கோணியும் எதிரொலியை விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்க. மைக்கைக் கிட்டே வையுங்க. தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் சத்தம் 6 டெசிபல் கூடும், எந்தப் பெட்டியும் அதை இலவசமாகத் தராது. ரிக்கார்டரில் அளவு மைனஸ் 12 பக்கத்தில் நிற்கட்டும், சிவப்பைத் தொட வேண்டாம். மிக்ஸரில் இருந்து வருவதை ரிக்கார்டரின் லைன் வழியில் கொடுக்கணும், மைக் வழியில் கொடுத்தால் உடைந்து போகும். கண்டென்சர் மைக் வைத்தால் 48 வோல்ட் ஃபேன்டம் பொத்தானைப் போடணும், சாதாரண டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லாதீங்க. ஆள் இருக்கிற வீட்டில் அதைப் பாடக் கூடாது என்பது அவங்க நம்பிக்கை. வேப்ப மரத்தடியில் உட்கார வையுங்க, அனுமதி கேட்டுட்டு எடுங்க. கையில் தூக்கிப் போகிற பெட்டி வேணும்னு சொல்வது இதுக்கும்தான்.

எக்கோவைப் பற்றி ஒரு வார்த்தை

மிக்ஸரில் எக்கோ, ரிவர்ப் எத்தனை வகை இருக்குன்னு பெருமையாக எழுதியிருப்பாங்க. திறந்தவெளியில் பேச்சுக்கு அது தேவையே இல்லை. குழாய்ச் சத்தம் எதிர் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதே போதாதா? அதன் மேல் நாம் வேறு எக்கோ போட்டால் "தாய்மார்களே... மார்களே... களே..." என்று ஒரு வாக்கியத்துக்கு மூன்று தலைவர்கள் பேசுவாங்க. எக்கோ இல்லாத பெட்டி விலை குறைவாகக் கிடைத்தால் சந்தோஷமா வாங்குங்க. இருந்தாலும் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக நிறுத்துகிற குமிழ் இருக்கிறதா பாருங்க. பதிவில் எக்கோவே வேண்டாம். பின்னாடி சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது.

டிஜிட்டல் வேண்டாமா?

டிஜிட்டலை நான் குறை சொல்ல வரவில்லை. வாரா வாரம் ஒரே குழு, எட்டுப் பத்து மைக், பழக்கப்பட்ட ஆள் என்று இருந்தால் டிஜிட்டல்தான் சரி. போன வாரம் வைத்த அளவு அப்படியே திரும்ப வரும், ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாகப் பதிவாகும், கூட்டத்தின் நடுவில் நின்று டேப்லெட்டில் சரி செய்யலாம். சென்னையில் கச்சேரி பண்றவங்களுக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லை.

ஊர்க் கோயிலுக்கு நிலைமை வேற. வருஷத்துக்கு இருபது நாள்தான் எடுப்போம். ஒவ்வொரு முறையும் வேற ஆள் திருப்புவார். கரண்டு போய்ப் போய் வரும். டேப்லெட்டில் சார்ஜ் இருக்காது, பாஸ்வேர்டு தெரிந்த பையன் பெங்களூரில் இருப்பான். திரைக்குள் ஒளிந்திருக்கிற ஒரு பக்கத்தில் ஏதோ ஒன்று 'மியூட்'டில் இருக்கும், அதைத் தேடுவதற்குள் சாமி புறப்பட்டுவிடும். அனலாக்கில் எதுவும் ஒளிந்திருக்காது. ஒரு வேலைக்கு ஒரு குமிழ். எது எங்கே நிற்குதுன்னு கண்ணால் பார்க்கலாம், இருட்டில் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அது அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். ஊர்ச் சொத்து என்றால் அப்படித்தான் இருக்கணும்.

கரண்டும் தூசியும்

பெட்டியின் பின்புறம் "100–240" என்று போட்டிருந்தால் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும். கரண்டு பெட்டிக்குள்ளேயே இருப்பது எனக்குப் பிடிக்கும். தனி அடாப்டர் என்றால் அது தொலைகிற நாள் திருவிழா நாளாகத்தான் இருக்கும். அடாப்டர் மாடலே பிடித்திருந்தால் கூடவே இன்னொரு அடாப்டர் வாங்கிக் கொடுங்க.

"உம்ம்ம்"னு இரைச்சல் வந்தால் சிலர் முதலில் செய்வது மூன்று பின் பிளக்கில் எர்த்தை உடைப்பது. ஆளைக் கொல்கிற வேலை அது. ஈரத் தரை, வெறுங்கால், கையில் இரும்பு மைக். எர்த்தில் எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதீங்க. லேப்டாப் செருகியதும் இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. கீபோர்டில் இருந்து வந்தால் டி.ஐ. பெட்டி ஒன்று வாங்கி நடுவில் போடுங்க. மைக் ஒயரும் மூன்று பின் உள்ள பேலன்ஸ்டு ஒயராக இருக்கட்டும். முப்பது மீட்டர் ஓடினாலும் இரைச்சலைச் சேர்க்காது.

தூசிதான் இங்கே பெரிய எதிரி. மல்லாட்டை அடிக்கிற நாளில் ஊரே செம்மண் நிறத்தில் இருக்கும். ஃபேடர் ஓடுகிற நீளப் பிளவு வழியாகத் தூசி உள்ளே போய், ரெண்டு வருஷத்தில் தள்ளும்போதெல்லாம் "கரகர"ன்னு சத்தம் வரும். திருகுகிற குமிழில் இது குறைவு. ஆனால் அளவு பார்த்தவுடன் தெரிவது ஃபேடரில்தான். நான் ஃபேடர் பக்கம்தான், ஆனால் மேலே போர்த்த ஒரு பழைய வேட்டி கட்டாயம். காண்டாக்ட் க்ளீனர் ஒரு டப்பா வாங்கி வைத்தால் பல வருஷம் ஓடும்.

மைக் செட்காரரை மறக்காதீங்க

இதைத்தான் ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நீங்க பெரிய பாக்ஸ், பெரிய ஆம்ப்ளிஃபையர், பெரிய மிக்ஸர் எல்லாம் ஊருக்குத் தானமாகக் கொடுத்தால் முதலில் அடிபடுவது அந்த ஊர் மைக் செட்காரர். சீர், சடங்கு, சாவு, கோயில் என்று அவர் பிழைப்பே வாடகைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு மரமேறிக் குழாய் கட்டுகிறவர் அவர்தான். ஊர்ச் செட் வந்ததும் அவரைக் கூப்பிட மாட்டாங்க. ஒரு வருஷம் கழித்து ஊர்ச் செட் ரிப்பேராகிக் கோயில் அறையில் பூட்டிக் கிடக்கும். அதற்குள் அவர் செட்டை விற்றுட்டுத் திருப்பூர் போயிருப்பார். அப்புறம் ஊருக்கு ரெண்டும் இல்லை.

அதனால்தான் சின்ன மிக்ஸர், நல்ல மைக் மட்டும் கொடுங்க என்கிறேன். ஆம்ப்ளிஃபையர், பாக்ஸ், குழாய் எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும், வாடகையும் அவருக்கே போகட்டும். மிக்ஸரை அவர் கையிலேயே கொடுத்து, கூட ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் உட்கார வையுங்க. எந்தக் குழாயில் எந்தப் பக்கம் சத்தம் போகும், எந்தச் சுவர் திருப்பி அடிக்கும் என்று முப்பது வருஷ அனுபவம் அவரிடம் இருக்கு. அவர் கேட்டதில்லை என்பது மிக்ஸரின் தனித்தனிக் குமிழ்களை மட்டும்தான். ரெண்டும் சேர்ந்தால் ஊருக்கு லாபம்.

காசை இந்த வரிசையில் போடுங்க. முதலில் மைக். ஷ்யூர் எஸ்.எம்.58 மாதிரி ஒரு டைனமிக் மைக் 1966இல் வந்த வடிவம், இன்றைக்கும் ஓடுது, கீழே விழுந்தாலும் எழுந்துவரும். போலி நிறைய வருது, நம்பிக்கையான கடையில் வாங்குங்க. அடுத்து ஒயர், ஸ்டாண்டு. அதற்கப்புறம் மிக்ஸர். கடைசியாக ஒரு கையடக்க ரிக்கார்டர். பழைய மிக்ஸர் கிடைத்தாலும் வாங்கலாம். ஒவ்வொரு குமிழையும் திருப்பி ஹெட்போனில் கரகரப்பு கேட்குதா பாருங்க. ஒவ்வொரு ஓட்டையிலும் மைக்கைச் செருகிப் பேசிப் பாருங்க. ஃபேன்டம் போட்டு மீட்டரில் 48 பக்கம் காட்டுதா பாருங்க. மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்க்கிறோமே, அதே மாதிரிதான்.

ஊருக்குக் கொடுக்கிற பொருள் கொடுக்கிறவர் பெயரைப் பெருசா காட்டணும்னு இல்லை, ஊர்க்காரர் கையில் நிற்கணும். அடுத்த திருவிழாவுக்கு வரும்போது கல்வெட்டுக்கு அளவு எடுக்காதீங்க. உங்க ஆயாவுக்கு எத்தனை பாட்டுத் தெரியும்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. மிக்ஸரை நாங்க பார்த்துக்கிறோம். ஹெட்போன் ஒன்று மட்டும் கொண்டு வந்துடுங்க, இங்கே நல்லது கிடைக்கிறதில்லை.